பெட்டிப் பணமும் பேரேடும்

புறக்கோட்டையின் நெரிசலைக் கடந்து, ஐந்துலாம்புச் சந்தியின் வழியே கொட்டாஞ்சேனையை நோக்கி நடப்பவர்கள் செட்டியார் தெருவுக்குள் அடி வைத்ததும், இரு மருங்கிலும் ஒளி வீசும் பொன்னாபரணக் கடைகளையே காண்பார்கள். கலியாணத்துக்குத் தாலிக்கொடி எடுக்க வருவோரால் இன்று பிரசித்தி பெற்றிருக்கும் இத்தெருவில், இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி வரையில் பணவர்த்தகமே பெருவர்த்தகமாக இருந்தது. காரைக்குடி, தேவகோட்டை முதலிய செட்டிநாட்டு ஊர்களிலிருந்து கடல் கடந்து வந்த நாட்டுக்கோட்டை நகரத்தார் இங்கே தங்கியிருந்து, அரிசி வியாபாரிக்கும் புடைவை வியாபாரிக்கும் தோட்டச் சொந்தக்காரருக்கும் கடன் கொடுத்து வாங்கினார்கள். அவர்கள் வழிபட்ட பழைய கதிரேசன் கோயிலும் புதிய கதிரேசன் கோயிலும் இன்றும் அதே தெருவில் நிற்கின்றன. ஆடிவேல் விழாவில் அங்கிருந்து புறப்படும் இரதம் காலி வீதி வழியாகப் பம்பலப்பிட்டிக்கு வந்து சேரும்போது, அயலிலுள்ள வெள்ளவத்தைத் தமிழர்கள் குடும்பம் குடும்பமாகச் சென்று தரிசிக்கிறார்கள். கோயில்களும் திருவிழாவும் நினைவில் நிற்குமளவுக்கு, அந்தச் செல்வத்துக்கெல்லாம் ஆதாரமாயிருந்த கணக்கு முறை நம் நினைவில் நிற்கவில்லை என்பது எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம்.

முதலாளிகளிற் பலர் ஊரிலேயே இருந்தார்கள். கொழும்பிலும் இரங்கூனிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் அவர்களுடைய பணத்தைக் கையாண்டவர்கள் சம்பளத்துக்கு வந்த முகவர்கள். மேலாள் என்பவர் பொதுவாக மூன்று வருஷத் தவணைக்கு நியமிக்கப்பட்டார். அவருக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன் என்று ஒரு படிமுறை இருந்தது. எண்சுவடியில் முந்திரி, காணி, மாகாணி முதலான பின்னங்களை மனனம் செய்த சிறுவன் பெட்டியடியில் தொழில் பயின்று, எழுத்து வேலையில் தேர்ந்து, பொறுப்புக் கூடக் கூட ஒரு நாள் மேலாளாக உயர்ந்தான். தந்தியும் தபாலும் தவிர வேறு தொடர்பு இல்லாத அக்காலத்தில், கடலுக்கு அப்பாலிருந்த ஒருவர் மற்றொருவர் கையில் இலட்சக்கணக்கான ரூபாயை ஒப்படைத்துவிட்டு நிம்மதியாக உறங்க முடிந்ததென்றால், உறவும் சாதிக் கட்டுப்பாடும் கோயிற் சபையின் கண்காணிப்பும் அதற்குக் காரணங்களே ஆயினும், அவற்றுக்கெல்லாம் மேலான காரணம் மேலாள் கிரமமாக ஊருக்கு அனுப்பி வந்த ஐந்தொகை என்றே நான் கருதுகிறேன்.

அந்த ஐந்தொகை எவ்வாறு உருவாயிற்று என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நலம். அன்றன்று நடந்த கொடுக்கல் வாங்கல் அனைத்தும் நடந்த வரிசையிலேயே முதலில் குறிப்பேட்டில் ஏறும். அவ்வெழுத்தில் நாள், மாதம், வருஷம் முதலிய ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருக்கக் குறி உண்டு: ௳ என்றால் நாள், ௴ மாதம், ௵ வருஷம், ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய். குறிப்பேட்டிலிருந்து ஒவ்வொரு வரியும் பின்னர் பேரேட்டுக்கு மாறும். அங்கே காலவரிசை மறைந்து, ஆளுக்கொரு பக்கம் என்ற வரிசை பிறக்கும். புறக்கோட்டை அரிசி வியாபாரி ஒருவர் ஆயிரம் ரூபாய் கடன் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். ரொக்கத்திலிருந்து ஆயிரம் வெளியேறியது என்று ஓரிடத்திலும், அதே ஆயிரம் வியாபாரி பெயரில் பற்றாக ஏறியது என்று மற்றோரிடத்திலும் எழுதப்படும். ஒன்றை எழுதி மற்றொன்றை விட்டால் தொகைகள் இணங்கா. முதலாளி போட்ட பணத்துக்கும் ஒரு பக்கம் உண்டு, ஏனெனில் கடைக்கு அவரும் பணம் கொடுத்தவர்களில் ஒருவரே. ஆச்சிமார் எனப்பட்ட நகரத்தார் வீட்டுப் பெண்களின் பணம் தனியாக வரவு வைக்கப்பட்டு, அதற்கு வட்டி கணக்கிடப்பட்டது. மகமை என்று கோயிலுக்கும் தருமத்துக்கும் ஒதுக்கிய தொகையும் தன் பெயரில் ஏடு பெற்று நின்றது. இப்பக்கங்களின் மீதிகளையெல்லாம் ஒரே தாளில் திரட்டி, நாம் கொடுக்க வேண்டியது இவ்வளவு, நமக்கு வர வேண்டியது இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு, ஆதாயம் இவ்வளவு என்று காட்டுவதே ஐந்தொகை. தேவகோட்டையில் தம் வீட்டுப் பட்டாலையில் அமர்ந்திருந்த முதலாளி அத்தாளை விரித்தால், எந்த வியாபாரியிடம் வட்டி நிலுவை ஏறுகிறது, எந்தக் கடன் ஆறு மாதமாக அசையாமல் கிடக்கிறது, மேலாள் யாரிடம் அளவுக்கு மேல் தயவு காட்டுகிறார் என்பதையெல்லாம் நேரில் நின்றவரைக் காட்டிலும் தெளிவாகக் கண்டுகொண்டார்.

ஏறக்குறைய இதே உண்மையைத்தான் மேல்நாட்டு வர்த்தகரும் தம் வழியில் கண்டார்கள். வெனிஸ் நகரத்து வணிகர்கள் நெடுங்காலமாகக் கையாண்ட இரட்டைப் பதிவு முறையை லூக்கா பச்சியோலி என்ற துறவி 1494இல் அச்சிட்ட தம் கணித நூலில் விவரித்த பிறகு, அம்முறை ஐரோப்பா முழுவதும் பரவியது. இங்கிலாந்தின் பீங்கான் உற்பத்தியாளர் யோசையா வெட்ஜ்வூட், 1772ஆம் ஆண்டின் கடன் நெருக்கடியில் சரக்குத் தேங்கிக் கைப்பணம் சுருங்கிய வேளையில், ஒவ்வொரு பாத்திரமும் தமக்கு எவ்வளவு செலவில் ஆகிறது என்பதைத் தாமே உட்கார்ந்து கணக்கிடத் தொடங்கினார். அந்த ஆராய்ச்சியின் பயனாகத் தம் தலைமை எழுத்தர் செய்துவந்த மோசடியையும் கண்டுபிடித்தார்; ஒரே மாதிரியான பாத்திரங்களை மிகுதியாகச் செய்தால் ஒவ்வொன்றின் அடக்கவிலையும் எவ்வளவு குறைகிறது என்பதையும் கண்டுகொண்டார். நெருக்கடி வந்த பின்னர்தான் அவர் ஏட்டைத் திறந்தார் என்பது கவனிக்கத்தக்கது; பெரும்பாலான வர்த்தகர் அப்போதும் திறப்பதில்லை.

செட்டியார் தெருவின் வரலாற்றில் நாம் கற்க வேண்டிய மற்றொரு பாடம் 1925இல் நடந்தது. அக்காலத்தில் கோட்டையிலிருந்த ஆங்கிலேய வங்கிகள் உள்ளூர் வியாபாரிகளுக்கு நேரடியாகக் கடன் கொடுப்பது அரிது. வங்கி மனேஜருக்குப் புறக்கோட்டை தெரியாது. புறக்கோட்டைக்கு வங்கியின் பாஷை தெரியாது. ஆகவே வங்கிகள் நகரத்தாருக்குக் கடன் கொடுத்தன; நகரத்தார் அதை உயர்ந்த வட்டிக்கு வியாபாரிகளுக்குக் கொடுத்தார்கள்; இன்னார் நம்பத்தக்கவர் என்று வங்கிக்குப் பொறுப்பு நின்றவர் அதன் சிறாப்பர். 1925இல் பெரிய செட்டியார் நிறுவனமொன்று முறிந்ததும், வங்கிகள் அச்சம் கொண்டு நகரத்தார் அனைவருக்கும் கொடுத்துவந்த கடனைச் சுருக்கத் தலைப்பட்டன. அவர்களை நம்பிய புறக்கோட்டைக் கடைகளும் மூச்சுத் திணறின. அதன் பின் வந்த உலகப் பொருளாதார மந்தம் மிச்சமிருந்ததையும் உலுக்கிற்று. பம்பாயின் பிரபல வங்கியாளர் சேர் சொராப்ஜி பொச்கானாவாலாவின் தலைமையில் அமைந்த இலங்கை வங்கி ஆணைக்குழு 1934இல் தன் அறிக்கையைச் சமர்ப்பித்ததும், அரசின் ஆதரவோடு இலங்கை வங்கி 1939இல் தோன்றியதும் இந்நிலையின் விளைவுகளே.

கணக்கில் இத்துணை வல்லவர்களாயிருந்தவர்கள் ஏன் இவ்வாறு இடர்ப்பட்டார்கள் என்று வாசகர் கேட்கலாம். என் அபிப்பிராயம் இது: நகரத்தாரின் ஏடுகள் முதலாளியின் கண்ணுக்காக எழுதப்பட்டவை, வெளியார் எவரும் அவற்றைப் பரிசோதித்ததில்லை. வங்கிகள் கடன் கொடுத்தது சிறாப்பரின் சொல்லையும் கடன் பத்திரத்திலிருந்த கையொப்பங்களையும் நம்பியே. ஒரு வீடு சாய்ந்த அன்று, மற்ற வீடுகளில் எது உறுதியானது, எது உளுத்தது என்று பிரித்தறிய வங்கியிடம் ஒரு கருவியும் இல்லை. ஆகவே அது எல்லோரையும் ஒருங்கே சந்தேகித்தது. கணக்கு உண்மையாக இருப்பது ஒரு நன்மை. அது உண்மைதான் என்று சம்பந்தமில்லாத மூன்றாம் மனிதர் பார்த்துச் சொல்வது மற்றொரு நன்மை. கணக்காய்வு என்ற தொழில் இந்த இரண்டாவது நன்மைக்காகவே ஏற்பட்டது. 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் அத்தொழிலின் தகுதியையும் ஒழுக்கத்தையும் பாதுகாக்கும் பொறுப்பை ஏற்றிருக்கிறது.

சட்டமும் வெகுகாலமாகவே வர்த்தகரின் ஏட்டை மதித்து வந்திருக்கிறது. 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம், தொழில் நடக்கும் போக்கிலே ஒழுங்காக எழுதப்பட்டு வந்த கணக்கேட்டின் பதிவுகள் நீதிமன்றத்தில் சாட்சியமாகும் என்று 34ஆம் பிரிவில் ஒப்புக்கொள்கிறது; ஆனால் அப்பதிவு ஒன்றை மாத்திரம் வைத்து ஒருவர்மேல் கடன் பொறுப்பைச் சுமத்த முடியாது என்றும் அதே பிரிவு எச்சரிக்கிறது. இந்த இரண்டு வாக்கியங்களிலும் அடங்கியிருக்கும் விவேகம் வியக்கத்தக்கது. வழக்கு வந்த பிறகு எழுதிய ஏட்டுக்கு மதிப்பில்லை. வழக்கைப் பற்றிய நினைப்பே இல்லாத நாளில், வழக்கம் போல் எழுதியதற்கே மதிப்பு. தானே தனக்கு எழுதிக்கொண்டது மட்டும் போதாது. சிட்டை, பற்றுச்சீட்டு, வங்கிக் கூற்று என்று வெளியிலிருந்து ஒரு துணை வேண்டும். 1918இன் பணக்கடன் கட்டளைச் சட்டம், கடன் பத்திரத்தில் உண்மையாகக் கொடுத்த முதல் எவ்வளவு, முன்கூட்டியே பிடித்த வட்டி எவ்வளவு, வட்டி வீதம் என்ன என்று தெளிவாகக் குறிக்க வேண்டுமென்று விதித்தது. 1932இல் இலங்கையில் வருமான வரி வந்தபோது, இலாபம் என்பது முதலாளியின் அந்தரங்கமாக இருந்த நிலை முடிந்து, அரசுக்கும் காட்ட வேண்டிய கணக்காயிற்று. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம், கம்பனி ஒவ்வொன்றும் தன் கொடுக்கல் வாங்கல்களைச் சரியாகப் பதிந்து விளக்கும் கணக்குப் பதிவேடுகளை வைத்திருக்கும் கடமையை விதித்திருக்கிறது.

ஏடு சாட்சியம் என்பதை நம்மவர் மிகக் கசப்பான முறையில் உணர்ந்தது 1983 யூலையில். செட்டியார் தெருவிலும் புறக்கோட்டையிலும் வெள்ளவத்தைக் காலி வீதியிலும் தமிழர் கடைகள் எரிந்தபோது, சரக்கோடு சேர்ந்து பேரேடும் எரிந்தது. யார் எவ்வளவு தர வேண்டும் என்ற நினைவும் சாம்பலாயிற்று. எரிந்த சொத்துக்களைப் பொறுப்பேற்க அவ்வாண்டே அரசாங்கம் அதிகார சபை ஒன்றை அமைத்தபோது, தமக்கு இருந்தது இவ்வளவு என்று காட்ட வேண்டிய நிலை வியாபாரிகளுக்கு ஏற்பட்டது. ஏட்டின் பிரதியைக் கடைக்கு வெளியே, கணக்காளரிடமோ வங்கியிடமோ வேறோர் ஊரிலோ வைத்திருப்பது நம் சமூகத்துக்கு வெறும் ஒழுங்கு மாத்திரமன்று. இன்று கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைக்கு அனுப்புவது எளிது. அதையாவது செய்யாமலிருப்பதற்கு நியாயம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

இனி நம் கண்முன் இருக்கும் கடைக்கு வருவோம். வெள்ளவத்தையில் காலி வீதியிலும் அதன் குறுக்கு வீதிகளிலும், கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியிலும், சிறியதும் நடுத்தரமுமாக எத்தனையோ கடைகள் நடக்கின்றன. அவற்றிற் பலவற்றில் கணக்கு என்பது இரண்டு பொருள்களில் அடங்கியிருக்கிறது: ஒன்று, காசு போடும் லாச்சி, மற்றொன்று, தெரிந்தவர்களின் கடனை எழுதும் கொப்பி. மாலையில் லாச்சி நிரம்பியிருந்தால் வியாபாரம் நல்லது. வெறுமையாயிருந்தால் வியாபாரம் மந்தம். வீட்டு மீன் கறிக்கும் மகளின் ரியூசனுக்கும் மின்சாரப் பட்டியலுக்கும் அதே லாச்சியிலிருந்தே பணம் போகிறது. இம்முறையில் பத்து வருஷம் கடை நடத்தியவரிடம், உங்கள் கடை இலாபத்தில் நடக்கிறதா என்று கேட்டால், அவர் உண்மையாகவே பதில் அறியாதவராக இருப்பார்.

இதை ஒரு கற்பனைக் கடையின் ஒரு மாதக் கணக்கைக் கொண்டு விளக்குகிறேன். முதலாளி 20 இலட்சம் ரூபாய் ரொக்கத்தோடு பலசரக்குக் கடை திறக்கிறார். முதல் மாதத்தில் நாலாம் குறுக்குத் தெரு மொத்த வியாபாரிகளிடம் 30 இலட்சத்துக்குச் சரக்கு எடுக்கிறார். 18 இலட்சம் கையிலே கொடுத்து, 12 இலட்சத்துக்கு ஒரு மாதத் தவணை சொல்கிறார். எடுத்த சரக்கில் 20 இலட்சம் அடக்கமுள்ளதை 24 இலட்சத்துக்கு விற்கிறார். அதில் 21 இலட்சம் ரொக்கமாகவும் 3 இலட்சம் கடன் கொப்பியிலும் ஏறுகிறது. வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் சேர்த்து 3 இலட்சத்து 20 ஆயிரம். வீட்டுச் செலவுக்கென்று அவர் அவ்வப்போது லாச்சியிலிருந்து எடுத்தது 2 இலட்சத்து 50 ஆயிரம்.

மாதக் கடைசியில் லாச்சியையும் வங்கிப் புத்தகத்தையும் பார்த்தால் 17 இலட்சத்து 30 ஆயிரம் இருக்கிறது. இராக்கைகளில் 10 இலட்சத்துச் சரக்கு நிறைந்திருக்கிறது. குடும்பமும் குறைவின்றி நடந்திருக்கிறது. முதலாளி மன நிறைவோடு, அடுத்த மாதம் ஒரு வான் எடுத்தாலென்ன என்று யோசிக்கிறார். ஆனால் கணக்கு சொல்வது வேறு. விற்பனையில் கிடைத்த மொத்த இலாபம் 4 இலட்சம். செலவு போக நின்றது 80 ஆயிரம் மாத்திரமே. அவர் எடுத்துச் செலவழித்தது இரண்டரை இலட்சம். ஆகவே 1 இலட்சத்து 70 ஆயிரம் ரூபாயை முதலிலிருந்தே தின்றிருக்கிறார். ஐந்தொகையும் அதையே உறுதி செய்கிறது: ரொக்கம் 17 இலட்சத்து 30 ஆயிரம், சரக்கு 10 இலட்சம், வர வேண்டிய கடன் 3 இலட்சம், ஆக 30 இலட்சத்து 30 ஆயிரம்; மொத்த வியாபாரிகளுக்குக் கொடுக்க வேண்டியது 12 இலட்சம்; மிகுதி 18 இலட்சத்து 30 ஆயிரம். அவர் போட்ட 20 இலட்சம் ஒரே மாதத்தில் இவ்வாறு தேய்ந்துவிட்டது. குளிர்சாதனப் பெட்டியின் தேய்மானத்தையும் அறவிடவே முடியாத கடனையும் நாம் இன்னும் கழிக்கவில்லை. இதே வேகத்தில் போனால் ஒரு வருஷத்துக்குள் கடையில் அவருடைய சொந்தப் பணம் என்று சொல்லத்தக்கது மறைந்து, மொத்த வியாபாரியின் பணத்திலேயே குடும்பம் சாப்பிடத் தொடங்கும். லாச்சி மட்டும் அப்போதும் நிறைந்தே காணப்படும்.

நான் வற்புறுத்த விரும்பும் விஷயம் இதுவே. கையிலிருக்கும் பணத்தைக் கண் காணும். இலாபத்தைக் கண் காணாது, ஏடுதான் காணும். கடையின் பணம் வேறு, முதலாளியின் பணம் வேறு என்ற பிரிவினை மனத்தில் ஊன்றாத வரையில் எந்தக் கணினியும் உதவாது. முதலாளி தமக்கு மாதந்தோறும் ஒரு சம்பளத்தை நிர்ணயித்துக்கொண்டு, அதற்கு மேல் எடுப்பதை எடுப்பனவு என்று தனியே எழுதிவந்தால், பாதி ஒழுங்கு அன்றே வந்துவிடும். சிப்பந்தியின் செலவையும் அவ்வாறே முழுமையாக அறிய வேண்டும். ஐம்பதாயிரம் ரூபாய் சம்பளம் என்று வாயாற் சொன்னாலும், ஊழியர் சேமலாப நிதிக்கு முதலாளி செலுத்த வேண்டிய 12 சதவீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 சதவீதமும் சேர்ந்தால் அது 57,500 ரூபாய். விலை வைக்கும்போது ஐம்பதாயிரத்தை மனத்தில் வைத்தவர், தம்மை அறியாமலே நஷ்டத்துக்கு விற்கிறார்.

ஏட்டின் எண்களை அப்படியே நம்பினாலும் ஆபத்து வரும் காலங்கள் உண்டு. அத்தகைய காலம் 2022இல் நம் தலையில் இறங்கிற்று. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது; கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதமாயிற்று. 10,000 ரூபாய்க்கு வாங்கிய ஒரு மூடை பருப்பை 12,000 ரூபாய்க்கு விற்றவருக்கு ஏடு 2,000 ரூபாய் இலாபம் காட்டிற்று. ஆனால் டொலர் ஏறிய அதே வீதத்தில் விலையும் ஏறிய இடத்தில், அடுத்த மூடைக்கு 18,000 ரூபாய் வேண்டியிருந்தது. இலாபம் என்று எண்ணி அந்த இரண்டாயிரத்தைச் செலவழித்தவரின் கடையில் இராக்கைகள் ஒவ்வொன்றாக வெறுமையாயின. கணக்கெழுதுபவர் நடந்ததைப் பதிகிறார். அப்பதிவின் பொருளை அறிந்து, இனி எப்படி நடப்பது என்று முதலாளிக்கு எடுத்துரைப்பவரே கணக்காளர். பழைய கடைகளில் இவ்விரண்டு தொழிலையும் சேர்த்துப் பார்த்த கணக்கப்பிள்ளைகள் இருந்தார்கள். முதலாளி கோபித்தாலும் உள்ளதைச் சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. அந்த ஸ்தானம் நம் கடைகளில் வெறுமையாகக் கிடப்பதே பெரிய குறை.

களவு பற்றியும் ஒரு வார்த்தை. காசு வாங்குபவரே கணக்கும் எழுதி, அவரே வங்கிக்கும் கொண்டுபோய்க் கட்டும் கடையில், நல்ல மனிதரும் நாளடைவில் சோதனைக்கு உட்படுவார். வாங்குபவர் ஒருவர், எழுதுபவர் மற்றொருவர் என்று பிரித்து, மாதக் கடைசியில் ஏட்டின் மீதியை வங்கிக் கூற்றோடு ஒப்புநோக்கினால், அந்த நல்ல மனிதரை நாம் காப்பாற்றியவர்களாவோம்.

வரிக்குப் பயந்து இரண்டு ஏடு வைக்கும் வழக்கத்தைப் பற்றியும் மனம் திறந்து சொல்ல வேண்டும். பெறுமதி சேர் வரி 2024 சனவரி முதல் 18 சதவீதமாக உயர்ந்து, வருஷத்துக்கு 6 கோடி ரூபாய் விற்பனை உள்ளவர்களும் அவ்வரிக்குள் அடங்கிய நாள் தொட்டு, இவ்வழக்கத்துக்கு வக்காலத்து வாங்குவோர் அதிகரித்திருக்கிறார்கள். அரசாங்கத்துக்குச் செய்யும் அநியாயம் ஒருபுறமிருக்க, இரண்டு ஏடு வைப்பவர் தமக்கே பெருந்தீங்கு செய்கிறார். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு நஷ்டம் என்று காட்டிய ஏட்டையே வங்கிக்கும் காட்ட வேண்டிய நாள் வரும். அன்று கடன் கிடையாது. கூட்டாளிக்குப் பங்கு பிரிக்கும் நாளிலும், தகப்பனார் இறந்து பிள்ளைகள் கடையை ஏற்கும் நாளிலும், எந்த ஏடு உண்மை என்று அறிந்தவர் மண்ணுக்குள் போயிருப்பார். வரிச் சுமை அநியாயமென்றால் அதை வர்த்தக சங்கங்கள் வாயிலாக எதிர்த்துப் பேசுவோம். ஏட்டைப் பொய்யாக்கி அல்ல.

க.பொ.த. உயர்தர வர்த்தகப் பிரிவில் கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல் பயிலும் நம் பிள்ளைகள் பாடசாலையில் கற்பனைக் கம்பனிகளின் ஐந்தொகையை நேர்த்தியாகத் தயாரிக்கிறார்கள். அதே பிள்ளைகளுடைய தகப்பன்மாரின் கடைகளுக்கு ஐந்தொகை கிடையாது. ஆசிரியர்கள் ஒவ்வொரு மாணவரையும் தம் வீட்டுக் கடையையோ அயலிலுள்ள கடையையோ தெரிந்தெடுத்து, ஒரு தவணை முழுவதும் அதன் குறிப்பேட்டையும் பேரேட்டையும் எழுதிவரச் செய்யலாம். அதற்குச் செலவு ஒரு சி.ஆர். கொப்பியும் நாளுக்கு அரைமணி நேரமுமே. முதலாளிமார் வெட்கமோ அச்சமோ கொள்ளாமல் அப்பிள்ளைகளுக்கு லாச்சியையும் கடன் கொப்பியையும் திறந்து காட்ட வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். வருகிற சித்திரைப் புத்தாண்டில் கைவிசேஷம் கொடுத்துப் புதுக்கணக்குத் தொடங்கும் நாளை அதற்கு முதல் நாளாகக் கொள்ளலாம்.